கிளாரினெட் வாங்கக் கிளம்பும் முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

பேண்ட் குழுவில் இந்த வருடம் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறோம். அதிலிருந்து நான்கைந்து பேர் என்னிடம் கிளாரினெட் என்ற ஊதுகருவி பற்றிக் கேட்டுவிட்டீர்கள். சுருதியைப் பொறுத்து அதில் பி ஃப்ளாட், சி, ஈ ஃப்ளாட் என்று அளவுகள் உண்டு. "ஈ ஃப்ளாட்தான் சின்னதா இருக்கு, பிள்ளை கைக்கு அடங்கும், வாங்கிரலாமா சார்?" என்றார் ஓர் அம்மா. பீடி சுற்றிச் சேர்த்த பணம் அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சின்னதாக வேண்டும் என்று அவர் நினைத்தது சரி. போன வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பெரிய வகுப்பு அண்ணனின் பி ஃப்ளாட் கிளாரினெட்டை வாங்கி ஊதிப் பார்த்தாள். இரண்டு அடிக்கு மேல் நீளம். பாரம் முழுக்க வலது கட்டைவிரலில் இறங்குகிறது. மோதிர விரல் கடைசித் துளையை முக்கால்வாசிதான் மூடியது. காற்று கசிந்து கீச்சென்று கத்தியது. அவள் முகம் வாடிவிட்டது. மூச்சில் குறையே இல்லை, விரல்தான் எட்டவில்லை.

சுருதி ஏற ஏறக் குழாய் குட்டையாகும், துளைகளும் நெருங்கி வரும். சுருதிப் பெட்டிக் கணக்கில் சொன்னால், பி ஃப்ளாட்டில் கீழ் ஆறரைக் கட்டை பேசும் அதே விரல் பிடிக்கு சி கிளாரினெட்டில் ஒரு கட்டை பேசும், ஈ ஃப்ளாட்டில் இரண்டரை. பிடி மாறாததால், பிள்ளை வளர்ந்து பி ஃப்ளாட்டுக்குப் போனாலும் கற்றது வீணாகாது.

ஆனால் முதல் கருவியாக ஈ ஃப்ளாட் வேண்டாம். குழாய் அவ்வளவு சிறிது என்பதால் உதடு கொஞ்சம் இறுகினாலே சுருதி விலகிவிடும். தேர்ந்தவர்களுக்கே அது சவால். அதன் மவுத்பீஸும் (வாயில் வைத்து ஊதும் முனை) ரீடும் (அதில் கட்டும் நாணல் சீவல்) தனி அளவு, தேடித்தான் வாங்க வேண்டும். சி கிளாரினெட் வாங்குங்கள். பெரும்பாலானவற்றுக்கு பி ஃப்ளாட் ரீடே பொருந்தும். காலை வழிபாட்டில் ஆர்மோனியத்தில் பிடிக்கும் சுரத்தை அப்படியே வாசிக்கலாம், மாற்றி எழுத வேண்டியதில்லை.

மரக் கருவி தேவையில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு மரம் வெடிக்கும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் போதும், விலையும் குறைவு. மிச்சமாகும் பணத்தில் நல்ல எபொனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸ் ஒன்று வாங்குங்கள். சத்தம் அதில்தான் பாதி இருக்கிறது. கருவி பிளாஸ்டிக் என்றாலும் மொட்டைமாடியில் காயப் போடக் கூடாது.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்றால் கவனம். குழாயில் 'எச்.பி.' என்று பொறித்திருந்தால் தொடாதீர்கள். 'ஹை பிட்ச்' என்றுதான் அர்த்தம், ஆனால் நாம் தேடும் உயர் சுருதி அது இல்லை. இன்று பெரும்பாலும் ஏ சுரத்தை நொடிக்கு 440 அதிர்வு என்று வைத்துச் சுருதி சேர்க்கிறோம். அந்தக் காலத்து பேண்ட் கருவிகள் சுமார் 452-க்குச் செய்தவை. குழாயின் பாகங்களை எவ்வளவு வெளியே இழுத்துவிட்டாலும் கீபோர்டோடு சேராது. போன வருடம் ஒரு அப்பா அப்படி வாங்கி வந்துவிட்டார். திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அப்புறம், 17 கீ (விரலால் அழுத்தும் நெம்புகள்), துளைகளைச் சுற்றி 6 வளையம் உள்ள போம் முறைதானா (இன்று பரவலாக உள்ள அமைப்பு) என்று எண்ணிப் பாருங்கள். 13 கீ உள்ள பழைய முறையில் பிடி வேறு. காற்று கசிகிறதா என்றும் பாருங்கள்: கருவியைக் கழற்றி, மேல் பாகத்தின் அடியை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை விரலால் மூடி, மறுமுனையில் உறிஞ்சுங்கள். இழுப்பு நிற்க வேண்டும். உடனே விட்டுப்போனால் பேட் (கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை) கசிகிறது.

"இதில் நம்ம சங்கீதம் வருமா?" என்றும் ஒருவர் கேட்டார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் ஒலித்த மண்ணில் அது நியாயமான கேள்வி. தாராளமாக வரும். கிளாரினெட்டிலேயே கர்நாடக சங்கீதம் வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போதே வாங்கியாக வேண்டும் என்று இல்லை. பள்ளியில் இரண்டு சி கிளாரினெட் இருக்கின்றன, முறை வைத்து வாசிக்கலாம். ரீடும் மவுத்பீஸும் மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை தனியாக இருக்கட்டும். வாங்குவதாக முடிவு செய்தால், பணம் கொடுக்கும் முன் கருவியைச் சனிக்கிழமை காலை பள்ளிக்கு எடுத்து வாருங்கள். பேண்ட் மாஸ்டர் ஊதிப் பார்ப்பார், நானும் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்