டிக்கியில் ஒரு ஏத்தன்குலை

நாகர்கோவில்
12-10-2025

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே வந்துவிட்டது. புது ஹைபிரிட் கார் வந்த சூட்டில் கை ஸ்டியரிங்கை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது, அதுதான் பதிலுக்கு இத்தனை நாள். முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மதினி மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் வீட்டுக்காரிக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவுக்கு 86 நடக்கிறது. கண் மங்கல்தான், காதுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டேன். பதினாறு வருஷம். எக்ஸ்சேஞ்சில் அவர்கள் சொன்ன விலையை இங்கே எழுதினால் நீ சிரிப்பாய், விடு. கொடுத்ததற்குக் காரணம் வண்டி இல்லை, என் இடது முட்டு. மேம்பாலம் 2018இல் வந்தும் மார்த்தாண்டத்தில் கீழே நெரிசல் தீர்ந்தபாடில்லை. தக்கலை, குழித்துறை, களியக்காவிளை என்று நம் மேற்குச் சாலை முழுக்க ஒரே நீளமான கடைத்தெருதான். நான்குவழிச் சாலை வேலையும் எத்தனை வருஷமாக இழுக்கிறது என்று உனக்கே தெரியும். மகள் வீட்டுக்குப் போய்வருவதற்குள் கிளட்சை எத்தனை முறை மிதிப்பது? கிளட்ச் இல்லாத வண்டி வேண்டும் என்று ஆரம்பித்த யோசனைதான் பெட்ரோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட்டில் வந்து நின்றது.

ராத்திரி பிளக்கில் சொருக வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பெட்ரோல் மட்டும்தான் போட வேண்டும். பேட்டரி சின்னது, 0.76 கிலோவாட்-மணி அளவுதான். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் காலை எடுக்கும்போதும் மோட்டார் டைனமோவாக மாறி அதை நிரப்பிக்கொள்ளும், போதாததற்கு இஞ்சினும் கொடுக்கும். 1.5 லிட்டர் இஞ்சின் 92 குதிரைத்திறன், மோட்டார் 80. கூட்டினால் 172 வர வேண்டும், ஆனால் கம்பெனி 116 என்றுதான் சொல்கிறது. நானும் முதலில் ஏமாற்று என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லையாம். போதாக்குறைக்கு அந்தக் குட்டி பேட்டரியால் அவ்வளவு மின்சாரம் ஒரே மூச்சில் கொடுக்கவும் முடியாது. இரட்டை மாட்டு வண்டி மாதிரி நினைத்துக்கொள். நின்ற இடத்திலிருந்து இழுக்க ஒரு மாடு கெட்டி, ஓட்டம் பிடித்த பிறகு நிதானமாக நடக்க இன்னொன்று கெட்டி.

என்ன வண்டி என்று கேட்டாய் அல்லவா? டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டும் 2022இல் வந்தபோது பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் ஒரே ஆலையிலிருந்துதான் வெளியே வந்தன. அடித்தளம் ஒன்று, ஹைபிரிட் இஞ்சின் ஒன்று, முகம் மட்டும் வேறு. அதில் ஒன்று நம் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. எது என்பதை நீ வந்து சின்னத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய். அதே வசதிகள் உள்ள சாதா ஆட்டோமேட்டிக்கைவிட ஹைபிரிட் ஏறக்குறைய 3 லட்சம் கூடுதல். நான் வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். அது லிட்டருக்கு 16 கொடுக்கும், இது 23 கொடுக்கும் என்று வைத்தால் 228 லிட்டர் மிச்சம். 102 ரூபாய் வீதம் 23,000 சொச்சம். போட்ட 3 லட்சம் திரும்பி வரப் பதின்மூன்று வருஷம். இதைத் தாளில் எழுதி வீட்டுக்காரியிடம் பெருமையாகக் காட்டினேன். “அப்போ உங்களுக்கு 74, பணம் கைக்கு வந்ததும் வீல் சேர் வாங்கலாம்” என்றாள். டாக்ஸி ஓட்டுபவனுக்கு இது லாபம். என்னைப் போன்றவன் லாபத்துக்கு வாங்குகிறேன் என்று சொன்னால் அது பொய்.

மே மாதம் 25,000 கட்டிப் பதிவு செய்தேன். எட்டு வாரம் என்றார்கள். சாம்பல் நிறம் கேட்டிருந்தேன். ஜூலையில் போய்க் கேட்டால் எனக்கு வண்டியைக் காட்டிப் பேசின பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். புதிதாக வந்த பையன் கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம். “வெள்ளைன்னா உடனே இருக்கு சார்.” வெள்ளை வண்டியில் நம் ரப்பர் தோட்டத்துச் செம்மண் படிந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, கடற்கரைப் பிள்ளை. வேண்டாம் என்றேன். ஆகஸ்டில் இன்னொரு காரணம் வந்தது: “மேக்னட் வரல சார், சைனா பிரச்சினை.”

அது உண்மைக் காரணமா, வாயில் வந்ததா தெரியவில்லை. ஆனால் சீனா ஏப்ரலில் அரிய மண் தனிமங்களில் ஏழுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது நிஜம். இந்த மோட்டார்களுக்குள் இருப்பது அந்தக் காந்தம்தான். உலகத்தில் அந்த வகைக் காந்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேதான் செய்கிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை மக்கா. வீட்டுக்காரி ஊர் மண்டைக்காடு பக்கம் என்று உனக்குத் தெரியும். அங்கே கடற்கரையில் நடந்துவிட்டு வந்தால் கணுக்காலில் கருமணல் அப்பிக்கொண்டு மினுமினுக்கும், வாசலில் நின்று துடைத்தால்தான் மாமியார் உள்ளே விடுவார். அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில்தான் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் மற்றதும் இருக்கின்றன. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் அதைக் கண்டுபிடித்ததே வேடிக்கை. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதன் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்தார். அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது காஸ் விளக்கு மேண்டிலுக்கான தோரியம். மணல் ஆலை இன்றைக்கும் அங்கேயே ஓடுகிறது. நம் கயிற்றில் ஒட்டிக் கப்பலேறின மணலின் வாரிசு காந்தமாகிச் சீனாவில் இருக்கிறது. அது வரவில்லை என்று நான் நாகர்கோவில் ஷோரூமில் சோபாவில் உட்கார்ந்து ஆறிப்போன காப்பி குடிக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிள்ளியூர் பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை ஊர்க்காரர்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள். வீடு, தென்னை, தண்ணீர், கதிர்வீச்சு, புற்றுநோய்ப் பயம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. அதே நேரம் காந்தம் வேண்டும் என்று வரிசையில் நிற்பவனும் நான்தான். இதை மச்சினனிடம் சொல்லப்போய் ஓணச் சாப்பாட்டில் வாக்குவாதம், பாயசம் ஆறிப்போயிற்று.

ஓணம் என்றதும் ஞாபகம் வருகிறது. கதையின் சுவாரசியமே அங்கேதான். செப்டம்பர் 3 ராத்திரி செய்தியில் ஜி.எஸ்.டி. மாற்றம் வந்ததே, இந்த வகை வண்டிக்கு அதுவரை 28 சதவீதம் வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 15 சதவீதமும். அது 22ஆம் தேதி முதல் செஸ் இல்லாமல் மொத்தம் 40 ஆகிறது என்றார்கள். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே ஷோரூமிலிருந்து போன். “சார், உங்க கிரே வந்தாச்சு! ஓணத்துக்கே ரெஜிஸ்ட்ரேஷன் முடிச்சுத் தரலாம். மீதிப் பணம் இன்னைக்கே போட்டுருங்க.”

நாலு மாதமாக வராத வண்டி ஒரே ராத்திரியில் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பழைய வரியில் வாங்கி வைத்த வண்டி 22ஆம் தேதிக்கு மேல் யார்டில் நின்றால் செஸ் அவர்கள் தலையில் விழுமே, பாவம். நான் ரொம்ப மரியாதையாக, “தம்பி, ஓணம் முடியட்டும், பித்ரு பட்சம் வேறு வருகிறது, நவராத்திரிக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்றேன். அதன் பிறகு தினமும் போன். மூன்று வாரம் அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். அந்த மூன்று வாரம் நான் தூங்கின தூக்கம் இருக்கிறதே!

18 லட்சம் ஷோரூம் விலையில் வரிக்குறைப்பு 37,700 சொச்சம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை நம் மாநிலத்தில் சாலை வரி 18 சதவீதம். 3 லட்சத்தைத் தாண்டுகிற அந்தத் தொகையிலும் 6,800 குறைந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஹைபிரிட்டுக்கு அந்த வரியே வேண்டாம் என்று போன வருஷம் தள்ளிவிட்டார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை. இன்சூரன்ஸ் அங்கேதான் எடுக்க வேண்டும் என்றார்கள், வெளியே வாங்கின கொட்டேஷனைக் காட்டியதும் அதே தொகைக்கு இறங்கிவிட்டார்கள். மேட்டும் மட்ஃபிளாப்பும் என்று தலையில் கட்டப் பார்த்த 28,000 ரூபாய் பொட்டலத்தையும் தவிர்த்துவிட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் யார்டுக்குப் போய் வண்டியைப் பார்த்தேன், நீயும் வாங்கினால் இதைச் செய். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2225 என்றால் 2025இன் 22ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் நிறுத்திப் பெயிண்டைச் சாய்வாகப் பார்த்தேன். அப்புறம் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கி சின்னதாகிவிட்டது, சாதா வண்டியில் 373 லிட்டர், இதில் 265தான். லிட்டர் கணக்கு யாருக்குப் புரிகிறது? வழியில் சந்தையில் ஒரு முழு ஏத்தன் வாழைக்குலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கொண்டுபோய் டிக்கியில் வைத்தேன். குறுக்கே வைத்தால் கதவு மூடியது. பக்கத்தில் தேங்காய்ச் சாக்கு ஒன்று நிற்கும், இரண்டு நிற்காது. செக்யூரிட்டி அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “குலையை இங்கேயே வச்சிட்டுப் போறியளா?” என்றார். இரண்டு சீப்பு அவருக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் 29, திங்கட்கிழமை, ராகுகாலம் கழிந்து பத்து மணிக்குச் சாவி கைக்கு வந்தது. நாகராஜா கோயில் வாசலில் பூஜை, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நேரே மகள் வீட்டுக்கு விட்டேன். பார்வதிபுரத்தில் நின்றபோது இஞ்சின் தானாக அணைந்தது, ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பஸ் உறுமுகிறது, நமக்குள்ளே நிசப்தம். முதல் பத்து நிமிஷம் வண்டி நின்றுவிட்டதோ என்று பயந்து ஸ்கிரீனையே பார்த்தேன். குழித்துறை இறக்கத்தில் காலை எடுத்ததும் அதில் அம்புக்குறி திரும்பிப் பேட்டரிப் பக்கம் ஓடியது. வீட்டுக்காரி அதைப் பார்த்து, “பிரேக் பிடிச்சா காசா?” என்றாள்.

இதுவரை 640 கிலோமீட்டர். ஊருக்குள்ளும் மேற்குச் சாலையிலும் மீட்டர் லிட்டருக்கு 24 காட்டுகிறது. ஆரல்வாய்மொழி தாண்டி வள்ளியூர் பக்கம் நூறில் விட்டேன், காற்றாலைக் காற்று எதிரே அடிக்க 19க்கு இறங்கிவிட்டது. கம்பெனி சொல்கிற 27.97ஐ நம்பி யாரும் வாங்க வேண்டாம். ஊர்ந்து போகிற சாலைக்குத்தான் இந்த வண்டி லாயக்கு, நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. குறை என்றால், வேகமாக முந்தப் போனால் மூன்று சிலிண்டர் இஞ்சின் முனகுகிறது, அழகான சத்தம் இல்லை.

அம்மாவின் காது. பழைய டீசல் தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டு எழுந்து கருப்பட்டிக் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். இப்போது முற்றம் வரை வந்து கதவைத் தட்டினால்தான் தெரிகிறது. “கள்ளன் மாதிரி வாறியே மக்கா” என்று திட்டுகிறாள். காப்பியும் பத்து நிமிஷம் தாமதம். இதற்கு எந்தக் கம்பெனி வாரண்டி கொடுக்கும்? பேட்டரிக்கு மட்டும் 8 வருஷமாம்.

உனக்கு வாங்கலாமா என்று கேட்டாய். நீ கோயம்புத்தூரில் தினமும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை, போர்ட்டிகோவில் பிளக் இருக்கிறது, பையன் மின்வண்டி வாங்கச் சொல்கிறான். பையன் சொல்வதைக் கேள். அதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், சாலை வரியும் இப்போது இல்லை. பழநி, மதுரை என்று மாதம் இரண்டு தடவை கிளம்புவாய் என்றால் மட்டும் இன்னொரு கடிதம் போடு, பேசுவோம்.

தையில் மதினியோடு வருவதாக எழுதியிருக்கிறாய். கோயம்புத்தூர் ரயிலில் வா, ஜங்ஷனில் நான் நிற்பேன், சத்தம் கேட்கவில்லையே என்று தேடாதே. ஆளுக்கு ஒரு பெட்டி போதும். திரும்பும்போது மட்டிக்குலையும் ஏத்தனும் ஏற்ற வேண்டும், இடம் எவ்வளவு என்று அளந்து வைத்திருக்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்