இங்கேயும் ஓர் அணை

கம்மிங், ஜார்ஜியா
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அணைக்கு நீர்வரத்து எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கும் உங்கள் பழக்கம் என்னையும் விடவில்லை. வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் லேனியர் ஏரி. ஏரி என்றுதான் பெயர். சட்டஹூச்சி ஆற்றை மறித்து ராணுவப் பொறியாளர் படை 1950களில் கட்டிய பியூஃபர்ட் அணையின் தேக்கம் இது. நமக்கு 120 அடி என்றால் நிறைந்த அணை. இங்கே கடல் மட்டத்திலிருந்து கணக்கு: கோடையில் 1,071 அடி. அட்லாண்டா நகரத்தின் குடிநீரும் இதை நம்பித்தான். 2007 வறட்சியில் இருபது அடி இறங்கி, படகுத்துறைகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டனவாம்.

கீழே இருக்கும் அலபாமாவும் புளோரிடாவும் இந்தத் தண்ணீருக்காகப் பல ஆண்டுகள் வழக்காடின. சிப்பி விளைச்சல் அழிகிறது என்று புளோரிடா போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. காவிரிச் செய்தி கேட்டு வளர்ந்த எனக்கு இதில் ஒன்றும் புதிதாக இல்லை. கடைமடைக்காரனின் வயிற்றெரிச்சல் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

நேற்று அணைக்குக் கீழே ஆற்றங்கரைக்குப் போனோம். தேக்கத்தின் அடியிலிருந்து வரும் தண்ணீர். ஆகஸ்ட் வெயிலிலும் ஐஸ் போல இருக்கிறது. கண்மணி கணுக்கால் வரை இறங்கியதும் கத்திக்கொண்டு என் தோளில் ஏறிவிட்டாள். ட்ரவுட் மீனுக்கு இந்தக் குளிர்ச்சிதான் வேண்டுமாம். இடுப்பளவு ஆற்றில் தூண்டிலோடு நிற்கிறார்கள். திடீரென்று சங்கு ஒலித்தது. தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். நின்றவர்கள் எல்லாரும் மறுபேச்சில்லாமல் கரையேறினார்கள். சற்று நேரத்தில் ஆறே வேறாகிவிட்டது.

மேலே ஏரியில் படகுகளும் சிரிப்புமாகத் திருவிழாதான். 1996 ஒலிம்பிக் துடுப்புப் படகுப் போட்டிகள் நடந்த இடம் இது. ஆனால் யாரும் மூழ்கிச் சாகாத கோடை இல்லை. அதை வைத்து இதைப் பேய் ஏரி என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது அப்பா. சட்டென்று ஆழமாகும் சரிவு, உள்ளே விட்டுப்போன மரங்கள், குடித்துவிட்டுப் படகு ஓட்டுவது, உயிர்காப்பு உடுப்பு போடாமல் குதிப்பது. இத்தனை இருக்கும்போது பேய் எதற்கு? கண்மணிக்கு உடுப்பின் வாரை இழுத்துப் பார்த்த பிறகுதான் நான் அவளைப் படகில் ஏற்றுகிறேன்.

இந்தத் தண்ணீருக்கு அடியிலும் வயல்களும் சாலைகளும் உண்டு. கரையில் ஆஸ்கர்வில் என்று ஓர் ஊர் இருந்தது. 1912இல் இந்த மாவட்டத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை வெள்ளையர்கள் அடித்துத் துரத்தினார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்திலும் ஒரு பகுதி பிற்பாடு ஏரிக்குள் போயிற்று. அதைப் படித்த அன்று மேட்டூர் அணைக்குள் போன நம் பண்ணவாடிதான் நினைவுக்கு வந்தது. மூழ்கிய ஊரின் திசையைப் பாட்டி விரலால் காட்டுவாரே, அந்த விரலும்.

தண்ணீர் இறங்கி நந்தி வெளியே தெரிந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஏரிக்குள் ஊர் இருக்கும் என்றால் கண்மணி நம்ப மறுக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் மகன்