ஒரு லிட்டரும் ஒரு டம்ளரும்

சிட்லபாக்கம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனில் கேட்டிருக்கலாமே, எதற்கு இவள் நாலு பக்கம் எழுதியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். படித்து முடித்ததும் புரிந்தது. 14 வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவள், "நானும் உன் வேலைக்கு வரலாமா?" என்பதை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து போனில் கேட்க முடியாதுதான்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே அம்மா சௌக்கியம். நான் ஐ.டி.யில் இருப்பதாக இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கம்பெனி ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டரில் பாடம் செய்து தருகிற இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனரை எங்கள் ஆட்களும் சுருக்கமாக ஐ.டி. என்றுதான் சொல்வோம், அதனால் நானும் திருத்துவதில்லை.

சரி, நீ கேட்ட போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வேலை தேடும்போது காட்டுகிற மாதிரி வேலைகளுக்கு வருகிறேன். எனக்கே போன வருஷம்தான் அதில் புத்தி வந்தது. வேலை போன கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். 12 மணிக்கு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரோட்டில் நிற்கிறேன். 9 வருஷ வேலை அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. வங்கிக்கு, மருந்துக் கம்பெனிக்கு, இன்ஷூரன்ஸுக்கு என்று எழுபது எண்பது மாட்யூல் (சின்னச் சின்னப் பாடம்) செய்திருப்பேன். எல்லாம் அந்தந்த கிளையண்டின் எல்.எம்.எஸ்.ஸுக்குள் (ஊழியர்கள் பாடம் பார்க்கிற தளம்) பூட்டிக் கிடக்கிறது. வெளியே காட்டமாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்தும் போட்டாயிற்று. இன்டர்வியூவில் "நீங்கள் செய்ததில் ஒன்றைக் காட்டுங்கள்" என்றால் கையை விரிக்க வேண்டியதுதான்.

என்னோடு வெளியே வந்த ஒரு பையன் பழைய ஸ்கிரீன்களில் லோகோவை மட்டும் மங்கலாக்கிப் போட்டுவிட்டான். "நாளைக்கு எங்களுடையதையும் இப்படித்தானே காட்டுவீர்கள்?" என்று ஓர் இடத்தில் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல முடியாமல் வந்திருக்கிறான், பாவம்.

ஆக, சொந்தமாக ஏதாவது செய்தாக வேண்டும். நான் எடுத்துக்கொண்டது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசல். எங்கள் தெருமுனை அங்கன்வாடியில் அதைக் கொடுப்பார்கள். அறிவியல் படித்தவள் இல்லையா, விட்டால் எங்கே போய் நிற்பேன் என்று உனக்குத் தெரியும். குடலில் குளுக்கோஸ் எப்படி சோடியத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறது, பின்னாலேயே தண்ணீர் எப்படிப் போகிறது என்று அனிமேஷன். 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்துப் பரிந்துரைத்த புதுக் கலவைக்கு ஒரு ஸ்லைடு. மொத்தம் 24 ஸ்லைடு, கடைசியில் பத்துக் கேள்வி. வாய்ஸ் ஓவருக்குப் பகலில் ஆட்டோ சத்தம் விடாது என்று ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் புகுந்து பேசினேன். வேர்த்து வழிந்தாலும் பெருமையாகத்தான் இருந்தது.

அதைப் போனில் எடுத்துக்கொண்டு போய் அங்கன்வாடி ஆயாம்மாவிடம் காட்டினேன். நாலு ஸ்லைடு வரை பார்த்தார். அப்புறம் போனை என்னிடம் நீட்டிவிட்டு, "ஒரு லிட்டர் தண்ணில கலக்கணும்னு பாக்கெட்லயே போட்டிருக்கும்மா. எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போனா டம்ளர்லதான் கலக்குவாங்க. புள்ள குடிக்கிறது நாலு மடக்கு, அதுக்கு ஒரு லிட்டர் எதுக்குங்குறாங்க" என்றார்.

எனக்கு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. 24 ஸ்லைடில் இந்த ஒரு வரிக்கு எங்கேயும் பதில் இல்லை. அந்த அம்மாக்களுக்கு ஓ.ஆர்.எஸ். பற்றித் தெரியாமல் இல்லை, மிச்சத்தைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. பாக்கெட்டில் இருப்பது 20.5 கிராம், ஒரு லிட்டருக்கான அளவு. டம்ளருக்கு ஏற்ற மாதிரி உத்தேசமாகக் கொஞ்சம் கொட்டினால் ஒரு தடவை சப்பென்று இருக்கும், இன்னொரு தடவை உப்பு கூடிப்போகும். கூடிப்போனால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறும், அதுதான் ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் 200 மில்லிக்கான குட்டி பாக்கெட்டும் கிடைப்பது தனிக் குழப்பம்.

24 ஸ்லைடையும் தூக்கிப் போட்டேன். அனிமேஷனை விட மனசில்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டது உண்மை. புதிதாகச் செய்தது நாலே ஸ்கிரீன். ராத்திரி நேரம், அடுப்படி, அழுகிற குழந்தை, மேடையில் ஒரு டம்ளரும் காலி லிட்டர் பாட்டிலும். பாக்கெட்டை எதில் கொட்டுவாய்? டம்ளரைத் தொட்டால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று வரும். பாட்டிலைத் தொட்டால் அடுத்த ஸ்கிரீனில் மாமியார் நின்றுகொண்டு "இவ்வளவையும் யார் குடிக்கிறது?" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வாய் என்பதுதான் கேள்வி. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடலாம், பாக்கெட்டின் மதிப்பு அவ்வளவுதான். கூடவே அங்கன்வாடிச் சுவரில் ஒட்ட ஓர் அட்டை. தண்ணீர் பாட்டில் படம், கழுத்துக்குக் கீழே ஒரு கோடு, அவ்வளவே. உண்மையைச் சொன்னால் ஸ்கிரீன்களைவிட அந்த அட்டைதான் அங்கே வேலை செய்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் தெரியுமா? எங்கள் துறையில் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறை உண்டு. 1975-இல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கியது. படிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஆடி' (ADDIE) என்போம், உனக்குத் தள்ளுபடிதான் ஞாபகம் வரும். அதில் முதல் படி அனாலிசிஸ். யாருக்கு, என்ன தெரியவில்லை, தெரிந்தும் ஏன் செய்யவில்லை என்று போய்ப் பார்ப்பது. 9 வருஷத்தில் நான் அதைச் செய்ததே இல்லை, ஏட்டி! கிளையண்ட் ஒரு பிபிடி அனுப்புவான், நாங்கள் அதற்கு நெக்ஸ்ட் பட்டன் வைத்து, குரல் சேர்த்து, எல்.எம்.எஸ்.ஸில் ஏற்றுகிற ஸ்கார்ம் பேக்கேஜாகத் திருப்பி அனுப்புவோம். இங்கே இருக்கிற எத்தனையோ பேரின் வேலை அப்படித்தான் ஓடுகிறது. அதனால்தான் போர்ட்ஃபோலியோ என்றதும் பாடம் செய்கிற ஸ்டோரிலைன் மென்பொருளில் என்னென்ன வித்தை காட்டலாம் என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

என் போர்ட்ஃபோலியோ பக்கத்தில் தூக்கிப் போட்ட 24 ஸ்லைடையும் வைத்திருக்கிறேன், ஆயாம்மா சொன்னதையும் (பெயர் போடாமல்) அப்படியே எழுதியிருக்கிறேன். இப்போது நான் இருக்கிற இடத்தில் இன்டர்வியூ நடந்தபோது கேள்வி கேட்ட அம்மா நாலு ஸ்கிரீனை இரண்டு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டார். மிச்ச அரை மணி நேரமும் தூக்கிப் போட்டதைப் பற்றித்தான் பேச்சு. "க்விஸ் ஏன் இல்லை?" என்று கேட்டார். 1959-இல் டொனால்ட் கர்க்பேட்ரிக் சொன்ன நாலு படி இருக்கிறது: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் வந்ததா. க்விஸ் இரண்டாவது படியோடு நின்றுவிடும். எனக்கு மூன்றாவதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆறு அம்மாக்களிடம் பாக்கெட்டைக் கொடுத்துக் கலக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதை மட்டும் எழுதினேன் என்றேன். ஆறு பேரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்று அவரும் சிரித்தார், நானும் ஒத்துக்கொண்டேன்.

கருவிகள் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் பெரிய விஷயமில்லை. ஸ்டோரிலைன் விண்டோஸில்தான் ஓடும், உன் வீட்டு கம்ப்யூட்டர் போதும். முதலில் கொஞ்ச நாள் இலவசமாகத் தருகிறார்கள். நான் செய்த முட்டாள்தனத்தை நீயும் செய்யாதே: கையில் ஸ்டோரிபோர்டு (எந்த ஸ்கிரீனில் என்ன வரும் என்ற வரைவு) இல்லாமல் முதல் நாளே இறக்கிவிட்டு, பட்டனுக்கு நிறம் மாற்றியே பத்து நாளைத் தொலைத்தேன். முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுது, யாரிடமாவது காட்டு, அப்புறம் இறக்கு. செய்ததை கூகுள் டிரைவில் போட்டால் ஓடாது, கிட்ஹப் பேஜஸ் என்ற இணையத் தளத்தில் காசில்லாமல் போடலாம். அதை வீடியோ காலில் நான் சொல்லித் தருகிறேன்.

"காட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாயே, அதுதான் எனக்குக் கோபம். போன தடவை உன் லேபுக்கு வந்தபோது பார்த்தேனே. பெர்மாங்கனேட் டைட்ரேஷன், சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் நிற்கிற இடத்தில் நிறுத்த வேண்டிய சோதனை. ஒரு பெண் "ரோஸ் கலர் வந்தாச்சு மிஸ்" என்று குடுவையைத் தூக்கிக் காட்டினாள், உள்ளே பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது. நீ திட்டவில்லை. மூன்று குடுவையை வரிசையாக வைத்தாய்: ஒரு சொட்டில் வந்து மறைகிற நிறம், மறையாமல் நிற்கிற வெளிர் ரோஸ், தாண்டிப்போன அடர் ரோஸ். "எதில் நிறுத்தியிருக்கணும்?" என்று மட்டும் கேட்டாய். அவளே நடுக் குடுவையைத் தொட்டாள். எண்ட் பாயின்ட், அதாவது நிறுத்த வேண்டிய இடம் என்றால் என்ன என்று கேட்டால் அந்த வகுப்பில் எல்லோரும் கடகடவென்று ஒப்பித்திருப்பார்கள். கை நிற்காததுதான் பிரச்சினை, அதை நீ கண்டுபிடித்திருந்தாய். இதற்கு மேல் என்ன அனாலிசிஸ் வேண்டும்?

சம்பளம் பற்றி மட்டும் யோசித்துக்கொள். முதல் வருஷம் பள்ளியில் வாங்குவதைவிடப் பெரிதாக வராது. ஸ்கூலை இப்போதே விடாதே. லீவில் ஒன்றைச் செய்து முடி, பிறகு பார்க்கலாம்.

அடுத்த பிராக்டிகல் வகுப்பில் அந்த மூன்று குடுவையையும் வெள்ளைத்தாள் மேல் வைத்து எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஜன்னல் பக்கமாக வை, டியூப் லைட்டில் ரோஸ் நிறம் கெட்டுப்போகும்.

அன்புடன்,
மீனா