நோம்பிக் கபடியும் ஐபிஎல்லும்: விளையாட்டுச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தொலைக்காட்சிகளிலும் விளையாட்டுப் பிரிவைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கமுங்க. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் ஒரு ஊரில் பதினெட்டு வருடமாகப் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். போன சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு நடந்த போட்டியில் ஒரு தகராறு வந்தது. அதை உங்களில் ஒருவர் எழுதிய விதம்தான் என்னை எழுத வைத்தது.

அரையிறுதி, கடைசி ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகும் முறை. கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தபோது பின்னங்கால் தரையில் இருந்ததா, மேலே இருந்ததா என்பதில் நடுவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. பார்க்க வந்த இளவட்டங்கள் நாலைந்து பேர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து தள்ளுமுள்ளு செய்தார்கள். பத்தே நிமிடம். ஊர்ப் பெரியவர்கள் அவர்களை வெளியே கூட்டிப் போனார்கள். இரவு இரண்டரை மணிக்கு இறுதி ஆட்டமும் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வந்த தலைப்பு: ‘கபடிக் களமா, ரவுடிகள் களமா?’ யார் ஜெயித்தார்கள் என்று ஒரு வரி இல்லை. ஆடிய பிள்ளைகள் யாரும் அந்தச் சண்டையில் சேரவில்லை என்றும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்த வாரமே மூன்று பிள்ளைகள் பயிற்சிக்கு வரவில்லை. ஒரு வீட்டுக்கு நேரில் போனேன். தேங்காய் உரிக்கிற வேலைக்குப் போகிறவர் அந்த அப்பா. கையில் பேப்பரை மடித்து வைத்திருந்தார். “பேப்பர்லயே போட்டுட்டாங்களே சார். அம்மிணிய இனி அனுப்பறது செரிப்பட்டு வராதுங்க” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

2013இல் ஐபிஎல்லில் சூதாட்டப் புகார் வந்தது, வீரர்கள் கைதானார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணி உரிமையாளர்களை இரண்டு வருடம் தள்ளி வைத்தது. அப்போது நீங்கள் எழுதியவற்றை நான் விடாமல் படித்தேன். தப்பு செய்தவர் யார், பணம் யார் கைக்குப் போனது என்று பிரித்து எழுதினீர்கள். கிரிக்கெட் ரவுடிகளின் ஆட்டம் என்று எழுதவில்லை. எழுதாதது சரி. 2018இல் சென்னை அணி திரும்பி வந்து கோப்பையை வென்றபோது எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். அந்தப் பிரித்துப் பார்க்கும் நியாயத்தைத்தான் எங்களுக்கும் கேட்கிறேன்.

ஊக்கமருந்து சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற விளையாட்டுக்காரர்கள் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் சோதனைக்கு உட்பட்டிருந்தபோது, கிரிக்கெட் வாரியம் 2019 ஆகஸ்டில்தான் அதற்கு ஒத்துக்கொண்டது. அதற்கு முந்தைய மாதம்தான் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு வாரியமே எட்டு மாதத் தடை விதித்து, அதை மார்ச்சிலிருந்து கணக்கிட்டது. இடையில் அவர் ஐபிஎல் ஆடி முடித்திருந்தார். இருமல் மருந்தால் வந்தது என்று ஏற்றுக்கொண்டார்கள், இருக்கலாம். ஆனால் ஒரு கபடிப் பையன் மாட்டினால் அவன் குடித்தது என்ன மருந்து என்று உங்களில் யார் கேட்கிறீர்கள்?

அப்புறம் அனுமதி. எங்கள் போட்டிக்கு இருபது நாள் முன்பே காவல் நிலையத்தில் மனு கொடுத்து, சாதிப் பெயர் உள்ள பனியன் கூடாது, குடித்துவிட்டு யாரும் வரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். போட வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, ஐபிஎல் கோப்பையை ஜெயித்த பெங்களூரு அணியின் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் பதினொரு பேர் செத்துப் போனார்கள். போலீஸ் அனுமதி இல்லாமலே அந்த அணி சார்பில் கூட்டத்தை அழைத்தார்கள் என்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அடுத்த மாதம் சொன்னது. பதினொரு உயிர் போன பிறகும் அந்த லீக்கையே யாரும் ‘ரவுடிகள் களமா’ என்று கேட்கவில்லை. பத்து நிமிடத் தள்ளுமுள்ளுக்கு எங்களைக் கேட்டீர்கள்.

கோவை நேரு மைதானத்தை வைத்து ஆடிய சென்னை சிட்டி கால்பந்து அணி 2018-19 ஐ-லீக் கோப்பையை அங்கேயே வென்றது. அடுத்த சீசனே இன்னொரு கால்பந்துப் போட்டியான ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக் என்று ஆனது. ஜெயித்த அணி மேலே போக வழி வைக்கவில்லை. நம் ஊரில் இது எத்தனை நாள் செய்தியாக இருந்தது?

கபடியில் கோளாறே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்திய அமெச்சூர் கபடிச் சம்மேளனத்தை நடத்த 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்க வேண்டி வந்தது. அந்த மாதிரி இடங்களைத் தோண்டுங்கள். புரோ கபடியோடு 2016இல் பெண்களுக்கு மூன்று அணிகளை வைத்து ஒரு போட்டி நடத்தினார்களே, அது ஏன் அத்தோடு நின்றது என்று கேளுங்கள். மேலே கேட்க வேண்டிய கேள்விகள் இவ்வளவு கிடக்க, நார்த்தூள் பரப்பிய களத்தில் வெறுங்காலோடு ஆடும் பிள்ளைகள் மேல் ஏன் விழுகிறீர்கள்?

மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். தேங்காய் உரிப்பவர் மகள் இன்னும் வரவில்லை. அன்றைய இறுதி ஆட்டத்தில் கடைசி ரெய்டு அவளுடையது. தனியாளாக நின்று, போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். 27-26. அந்த ஸ்கோரை இப்போதாவது ஒரு மூலையில் போடுங்கள். பேப்பரை நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கபடிப் பயிற்சியாளர்,
உடுமலை வட்டம்