லான் பௌல்ஸ் ஆட வருவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கனமான பந்துபோன்ற குண்டைப் புல்தரையில் உருட்டி ஆடும் லான் பௌல்ஸில் முதலில் பழக வேண்டியது எங்கே நிற்பது என்பதைத்தான். எதிரணியினர், குண்டு உருட்ட நிற்கும் பாயில் கால் வைத்துவிட்டால் அசைவோ பேச்சோ கூடாது. மறுமுனையில் இருப்பவர் ‘ஜாக்’ எனும் சிறு இலக்குப் பந்துக்குப் பின்னால் நிற்கட்டும்; நிழல்கூட அதன்மேல் விழக்கூடாது.

பெரிய தொல்லை, குண்டைத் தொப்பென்று போடுவது. சுமார் 1.5 கிலோ எடை புல்லில் பள்ளம் பறிக்கும். அடுத்தவர் குண்டு அங்கே தடம் மாறும். மழை பெய்து தரை இளகியிருந்தால் இன்னும் மோசம். நன்றாகக் குனிந்து, தரையோடு விடுங்கள். குதிகால் இல்லாத தட்டைக் காலணி கேட்பதும் புல்லுக்காகத்தான்.

அணிக்கு நால்வர் ஆடும் ஆட்டத்தில், எந்தக் குண்டு ஜாக்கிற்கு அருகில் என்று புள்ளிக்காக அளப்பது மூன்றாவதாக உருட்டுபவர் வேலை. இரு அணி மூன்றாமவரும் ஒப்புக்கொள்ளாமல் குண்டை எடுத்துவிட்டால், பிறகு எதை அளப்பது?

பார்க்க வருவோரே, வெளியிலிருந்து யோசனை வேண்டாமே!

லான் பௌல்ஸ் ஆட்டக்காரர்கள்,
சிங்கப்பூர்