அடுக்குகளின் பெயரைவிட அவற்றின் எல்லையே முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிகள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்பு கொள்கின்றன என்பதை ஏழு அடுக்கு மாதிரியைக் கொண்டு விளக்கித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்பொருளைப் பொது வாசகர்களிடம் கொண்டு சேர்க்க முன்வந்தமைக்கு முதலில் நன்றி. ஆயினும், பெரும்பாலான பாடநூல்களைப் போலவே அக்கட்டுரையும் பௌதிக அடுக்கில் தொடங்கிப் பயன்பாட்டு அடுக்கு வரை ஏழு பெயர்களையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் தந்து முடிந்துவிட்டது. படித்து முடிப்பவருக்குப் பெயர்கள் மனப்பாடமாகலாம். வலையமைப்பை ஏன் அடுக்கடுக்காகப் பிரித்தார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்திருக்காது. இத்துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் அந்த விடையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

ஓர் அடுக்கைப் புரிந்துகொள்ள, அது என்ன செய்கிறது என்பதோடு, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஓர் இணையப் பக்கத்தை நாம் கேட்கும்போது, உலாவி தன் கோரிக்கையை, இணையப் பக்கங்களைக் கேட்டுப் பெறுவதற்கான எச்டிடிபி நெறிமுறைப்படி (நெறிமுறை என்பது கணினிகள் பேசிக்கொள்வதற்கான விதித்தொகுப்பு) அமைத்து, தரவு விடுபடாமல் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறையிடம் கீழே ஒப்படைக்கிறது. அந்தக் கோரிக்கையின் பொருள் என்ன என்பது டிசிபிக்குத் தேவையில்லை. அது தன்னிடம் வந்த பைட்டுகளைத் துண்டுகளாக்கி, அனுப்பும் போர்ட் எண், பெறும் போர்ட் எண் (கணினியில் எந்த நிரலுக்குரியது என்பதைக் காட்டும் எண்கள்), வரிசை எண் முதலியவை அடங்கிய தலைப்பை ஒவ்வொரு துண்டின் முன்னும் சேர்க்கிறது. அதன் முன்னே, வலையமைப்புகளைக் கடந்து தரவைக் கொண்டுசெல்லும் ஐபி நெறிமுறை, அனுப்புநர், பெறுநர் முகவரிகள் கொண்ட தன் தலைப்பைச் சேர்க்கிறது; இப்படி அமைவதே பொதி. கூடுதல் புலங்கள் ஏதும் இல்லாதபோது இவ்விரு தலைப்புகளும் 20 பைட் வீதம் 40 பைட் ஆகும். இது இன்றும் பரவலாகப் புழங்கும் ஐபி நான்காம் பதிப்பின் கணக்கு. ஒரே இணைப்பில் உள்ள கருவிகளுக்கிடையே பொதியைச் சுமந்து செல்லும் ஈத்தர்நெட்டின் சட்டகம் (பொதியைச் சுற்றிய வெளியுறை) வழக்கமாக 1500 பைட் வரை சுமக்கும் என்பதால், மேலேயிருந்து வரும் தரவுக்கு ஒரு சட்டகத்தில் கிடைக்கும் இடம் 1460 பைட். ஈத்தர்நெட் தன் பங்குக்கு முன்னால் 14 பைட் தலைப்பையும், பிழையைக் கண்டறிவதற்காகப் பின்னால் 4 பைட்டையும் இணைத்துக் கம்பியில் விடுகிறது.

அந்தச் சட்டகம், வலையமைப்புகளை இணைத்து வழிகாட்டும் கருவியான ரவுட்டரைச் சென்றடையும் இடத்தில்தான் அடுக்கு முறையின் அருமை தெரிகிறது. ரவுட்டர் ஈத்தர்நெட் தலைப்பைக் கழற்றிவிட்டு, சேருமிடத்தின் ஐபி முகவரியைப் பார்த்து அடுத்த வழியைத் தீர்மானிக்கிறது. பொதி இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்பதைக் குறிக்கும் ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதற்கேற்ப, பிழையைக் கண்டறிய உதவும் ஐபி தலைப்பின் சரிபார்ப்புத் தொகையைத் திருத்துகிறது. பின் அடுத்த இணைப்புக்குரிய மேக் முகவரிகளுடன் (இணைப்பின் இரு முனைகளிலும் உள்ள கருவிகளின் வன்பொருள் முகவரிகள்) புதிய சட்டகம் பூட்டி அனுப்பிவைக்கிறது. உள்ளே இருக்கும் டிசிபி தலைப்பை அது புரட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. பொதி எத்தனை ரவுட்டர்களைக் கடந்தாலும், மேக் முகவரிகள் இணைப்புக்கு இணைப்பு மாறிக்கொண்டே போகும்; ஐபி முகவரிகள் இயல்பாக அப்படியே இருக்கும். கட்டுரையாளர் காட்டிய, உறைக்குள் உறையாக இட்ட கடிதம் என்ற உவமை இந்த இடத்தில் போதாது. எல்லா உறைகளும் பெறுநர் கையில்தான் பிரிக்கப்படுகின்றன என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. வெளியுறை மட்டும் வழிநெடுகக் கிழிக்கப்பட்டுப் புதிதாகப் போடப்படுகிறது என்பதைச் சொல்லாவிட்டால், மேக் முகவரி, ஐபி முகவரி என இரண்டு முகவரிகள் எதற்கு என்பது மாணவருக்குக் கடைசி வரை விளங்காது.

வைஃபை, செப்புக் கம்பி, ஒளியிழை என எதன் வழியே இணைந்தாலும் அதே உலாவி மாற்றமின்றி இயங்குவது இந்த ஏற்பாட்டினால்தான்.

கட்டுரை விட்டுவிட்ட மற்றொன்று, இம்மாதிரிகளின் வரலாறு. ஏழு அடுக்கு மாதிரியை வைத்துத்தான் இணையம் கட்டப்பட்டது என்றும், இணையம் இயங்கும் டிசிபி/ஐபி நெறிமுறைகளின் நான்கு அடுக்குகள் அதன் சுருக்கம் என்றும் வாசகர் எண்ணிவிடக்கூடும். நடந்தது வேறு. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் வெவ்வேறு வலையமைப்புகளை இணைப்பதற்கான தம் திட்டத்தை 1974இல் வெளியிட்டார்கள். அதில் எல்லாப் பொறுப்பும் ஒரே நெறிமுறையிடம் இருந்தது. தாமதமாக வந்து சேரும் ஒலித்துண்டால் பயனில்லை என்பதால், குரலை அனுப்ப முயன்றவர்களுக்குத் தொலைந்த பொதியை மீண்டும் கேட்டு வாங்கும் ஏற்பாடு இடையூறாகவே இருந்தது. இத்தகைய தேவைகளை முன்னிட்டு 1978இல் அது டிசிபி, ஐபி என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று டிசிபி/ஐபிக்கு மாறியது. சர்வதேசத் தர நிறுவனமான ஐஎஸ்ஓ 1977இல் தொடங்கிய பணியின் பயனாக, ஓஎஸ்ஐ என்னும் ஏழு அடுக்கு மாதிரி தரநிலையாக வெளிவந்தது 1984இல். அதாவது, ஓடிக்கொண்டிருந்த வலையமைப்புக்குப் பிறகே அந்தத் தரநிலை வந்தது. ஓஎஸ்ஐ வகுத்த நெறிமுறைகளில் பெரும்பாலானவை பரவலான புழக்கத்துக்கு வரவில்லை. அதன் அடுக்கு எண்கள் மட்டும் எங்கள் அன்றாடப் பேச்சில் நிலைத்துவிட்டன. இன்றும் 'லேயர் 2 ஸ்விட்ச்', 'லேயர் 3 பிரச்சினை' என்றுதான் பேசிக்கொள்கிறோம்.

இதை விளக்கினால், ஓஎஸ்ஐ மாதிரியின் ஐந்தாம், ஆறாம் அடுக்குகளான அமர்வு (உரையாடலைத் தொடங்கி முடிப்பது), முன்வைப்பு (தரவின் வடிவத்தை மாற்றுவது) ஆகிய இரண்டையும் பற்றி மாணவர்களுக்கு எழும் குழப்பமும் தீரும். டிசிபி/ஐபியில் அவை தனி அடுக்குகளாக இல்லை. அவ்வேலைகளைப் பயன்பாடுகளோ அவற்றுக்குத் துணையான நிரல்களோ பார்த்துக்கொள்கின்றன. தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் நெறிமுறை ஐந்தாம் அடுக்கா, ஆறாம் அடுக்கா என்று தேர்வில் கேட்பதைக் கண்டிருக்கிறேன். அது அந்த மாதிரிக்காக வடிவமைக்கப்பட்டது அன்று. எந்தக் கட்டத்தில் வைத்தாலும் சரியாகப் பொருந்தாது. இப்படிப்பட்ட கேள்விக்கு மதிப்பெண் தருவது மாணவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

நடைமுறையில் இந்த எல்லைகள் மீறப்படுவதும் உண்டு, அதற்கு விலையும் உண்டு. ஒரே பொது முகவரியைப் பல கருவிகள் பகிர்வதற்காக முகவரி மாற்றம் செய்யும் ரவுட்டர், ஐபி முகவரியோடு போர்ட் எண்ணையும் திருத்துகிறது. அதாவது தனக்கு உரியதல்லாத, டிசிபி இயங்கும் போக்குவரத்து அடுக்கில் கை வைக்கிறது. இவ்வாறு டிசிபி தலைப்பைப் பார்க்கவும் திருத்தவும் பழகிய இடைக்கருவிகள் பெருகியதால், டிசிபியில் சிறு மாற்றம் செய்தாலும் வழியில் ஏதோ ஒரு கருவி அதை நிராகரிக்கும் நிலை உண்டானது. 2021இல் தரநிலையான க்விக் என்னும் புதிய போக்குவரத்து நெறிமுறை, டிசிபியைவிட எளிய யூடிபி நெறிமுறையின் மேல் அமைந்து, தன் போக்குவரத்துத் தகவலில் பெரும்பகுதியை மறையாக்கம் செய்து மூடிவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மீறப்பட்ட எல்லையை மறையாக்கத்தால் மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

அடுக்கு முறை ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு, பழுது பார்க்கும் முறையே சான்று. இணையம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால், இணைப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்கிறோம். எரிந்தும், கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், பெரும்பாலும் அது முகவரி வழங்கும் சேவையகத்திடமிருந்து பதில் பெறவில்லை என்று பொருள். ஐபி முகவரிக்குப் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பினால் பதில் வந்து, இணையதளப் பெயருக்கு வராவிட்டால், கம்பியைக் குறை சொல்லாமல் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பக்கம் திரும்புகிறோம். ஒவ்வொரு சோதனையும் சந்தேகத்தை ஓர் அடுக்குக்குள் சுருக்கிக்கொண்டே வருகிறது.

இத்தொடரின் அடுத்த கட்டுரையில், ஒரேயொரு பொதியை எடுத்துக்கொண்டு, அது உலாவியிலிருந்து புறப்பட்டுச் சேவையகத்தை அடையும் வரை அதன் தலைப்புகளில் எங்கெங்கே என்ன மாறுகிறது, என்ன மாறாமல் இருக்கிறது என்பதைப் படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏழு பெயர்களின் அட்டவணையை அதன் ஓரத்தில் சிறியதாகத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியாளரான வாசகர் ஒருவர்