காணி பிரிக்கும் முன் கரண்டுக்கும் ஒரு கணக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டு அண்ணா போன வருடம் கூரையில் சோலர் போட்டார், 5 கிலோவாட். வெயில் நன்றாக எறித்த ஒரு நாள் பதினொன்றரை மணி இருக்கும், என்னைக் கூப்பிட்டு இன்வேர்ட்டரை, அதாவது சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டியைக் காட்டினார். திரையில் 251 வோல்ட் என்று நின்றது, கொஞ்ச நேரத்தில் 254, உடனே சிவப்பு லைட் எரிந்து தானாக நின்றுவிட்டது. சில நிமிடத்தில் திரும்ப ஓடுகிறது, திரும்ப நிற்கிறது. கடன் எடுத்துப் போட்ட மனிதர், நண்பகல் வெயில் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

காரணம் விளங்காத ஒன்றில்லை. ஒழுங்கையில் உள்ள சோலர் எல்லாம் ஒரே டிரான்ஸ்போமரில்தான் தொங்குகின்றன, பகலில் ஆட்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவதால் வீடுகளில் பிரிட்ஜைத் தவிர ஒன்றும் ஓடாது, அப்போது கூரையில் இருந்து வருகிற கரண்ட் எடுக்க ஆளில்லாமல் லைனில் வோல்டேஜை ஏற்றிவிடுகிறது. 230 இருக்க வேண்டிய இடத்தில் வோல்டேஜ் அளவு மீறி ஏறினால் இன்வேர்ட்டர் பாதுகாப்புக்காக நின்றுவிடும். அவருக்குப் பிறகு நான் விண்ணப்பிக்கப் போனபோது அந்த டிரான்ஸ்போமரில் இனி இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே டிரான்ஸ்போமர் இரவு ஏழு மணிக்கு மேல் எல்லா வீட்டு ஏசியும் ஒன்றாக இழுக்கும்போது லைட் மங்குகிற அளவுக்குத் திணறுகிறது!

நாட்டுக்கும் இதே சிக்கல்தான். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் தொடங்கிய கோளாறில் இலங்கை முழுவதும் இருண்டது. விடுமுறை நாள் என்பதால் பாவனை குறைவு, சோலர் அதிகம், அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்கு மின் நிலையங்களில் சுழன்று கரண்ட் எடுக்கிற பெரிய இயந்திரங்கள் போதுமான அளவு ஓடவில்லை. அந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி கேட்டார்கள். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாங்கள், மூன்றே வருடத்தில் கரண்ட் கூடிவிட்டது, நிறுத்துங்கள் என்று கேட்கிற நிலைக்கு வந்திருக்கிறோம். 2030 இல் 70 வீதம் மீள்புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது அரசின் இலக்கு. கூரையில் தகடு ஏற்றுவதால் மட்டும் அது நடக்காது, பகலில் வருகிற கரண்டைப் பகலிலேயே எடுத்துக்கொள்ளும்படி ஊரை அமைக்க வேண்டும்.

திருகோணமலைக்கு இதைச் சொல்ல இதுதான் நேரம் என்று நினைக்கிறேன். உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரை ஹோட்டல்கள் வருகின்றன, ஊரைச் சுற்றிக் காணிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கிறார்கள். வீதி எத்தனை அடி, வடிகான் எங்கே என்று எல்லாம் வரைபடத்தில் இருக்கிறது. கரண்டுக்கு மட்டும் கணக்கில்லை, வீடுகள் வந்து முடிந்த பிறகு ஒரு தூணை நட்டு டிரான்ஸ்போமரைத் தூக்கி வைக்கிறார்கள்.

எங்கள் ஊரில் பகல் கரண்டுக்கு வேலை இல்லாமல் இல்லை. கொட்பே துறைமுகத்தில் இருந்து பல நாள் படகுகள் கடலுக்குப் போகும்போது எவ்வளவு ஐஸ் ஏற்றுகிறார்கள் என்று நின்று பாருங்கள். ஐஸ் கட்டுவதற்குக் கரண்ட் நிறைய வேண்டும், ஆனால் நண்பகலில் கட்டி நல்ல காப்பறையில் வைத்தால் மறுநாள் விடியும்வரை தாங்கும், அதற்காகத் தனியாக ஒரு பற்றரி வாங்கத் தேவையில்லை. மீன் குளிரறைகளும் அப்படித்தான், பகலில் நன்றாகக் குளிர வைத்து மாலை நேரத்தில் மோட்டரைக் குறைக்கலாம். கந்தளாயில் இருந்து வருகிற குழாய்த் தண்ணீரை மேல்தாங்கிகளுக்கு ஏற்றுவதையும் முடிந்தவரை பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் செய்யலாம். கச்சேரி (மாவட்டச் செயலகம்), வங்கிகள், ஆஸ்பத்திரி எல்லாம் பகலில் ஏசி ஓடுகிற இடங்கள். இவற்றுக்குப் பக்கத்துக் கூரைகளில் முதலில் சோலர் வரட்டும், ஐஸ் தொழிற்சாலைகளுக்கு நண்பகல் அலகின் விலையைக் குறைத்துக் கொடுத்தால் அவர்களே நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். இரவுக்கு, தெருவுக்கு ஒரு பொதுப் பற்றரியை டிரான்ஸ்போமரோடு சேர்த்து வைத்தால் எங்கள் அண்ணாவின் இன்வேர்ட்டரும் நிற்காது, ஏழு மணிக்கு லைட்டும் மங்காது.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே வரவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது, அந்தப் புகை எங்கள் கடலுக்கும் வயலுக்கும் வராமல் போனதில் எனக்கு இன்றைக்கும் நிம்மதி. இப்போது அங்கே 120 மெகாவாட் சோலர், 2025 ஏப்ரலில் கட்டுமான வேலையைத் தொடக்கி வைத்தார்கள். நல்லது, ஆனால் அந்தக் கரண்ட் நாட்டின் பெரிய லைனுக்குத்தான் போகும், அதனால் எங்கள் ஒழுங்கை டிரான்ஸ்போமரில் ஒரு வீட்டுக்குக் கூடப் புதிதாக இடம் கிடைக்காது. சம்பூர் சனம் யுத்தத்தில் இழந்த காணிக்குப் பல வருடம் காத்திருந்து திரும்பி வந்தவர்கள், இனியும் காணி கேட்கும் முன் ஊருக்குள் சும்மா கிடக்கிற கூரைகளை எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் வீடுகள். தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கொங்கிரீட் தட்டுக்குக் கீழே இரவு பத்து மணிக்கும் இருக்க முடிவதில்லை, தட்டைத் தொட்டால் சுடும். டைக் வீதிப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் விறாந்தையும் உயரக் கூரையும் இருப்பதால் ஒரு ஃபானோடு சமாளிக்கலாம். புது வீட்டுக்கு அனுமதி கொடுக்கும்போதே மேற்குச் சுவருக்கு நிழல், தட்டுக்கு மேலே வெள்ளைப் பூச்சு என்று இரண்டு விதி போட்டால் ஏசிச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். நல்ல வெயில் மாதங்களும் ஏசி மாதங்களும் எங்களுக்கு ஒன்றாகவே வருகின்றன, மாரி மழையில் சோலர் குறையும்போது ஏசியும் ஓய்ந்துவிடும், இது எங்களுக்குக் கிடைத்த வசதி.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு டிரான்ஸ்போமரிலும் எத்தனை வீடு, எவ்வளவு சோலர் ஏறியிருக்கிறது, இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்று தெருவாரியாக ஒரு பட்டியல் போட்டு உள்ளூராட்சி மன்ற அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். காணி பிரிக்க வருகிறவர் முதலில் அதைப் பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.